கடலாட இடமில்லாத கடற்கரை: மெரினாவுக்கும் கோவளத்துக்கும் நடுவே

காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போனவர்களுக்கு அந்த வேலி நினைவிருக்கும். அலை வந்து தொடும் இடத்துக்குச் சற்று முன்பாகக் கழிகளை நட்டுக் காவல்துறை நீண்ட தடுப்பு ஒன்றைக் கட்டிவிடுகிறது. பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டப்படுகிறது. இலட்சக்கணக்கானோர் மணலில் அமர்ந்து, சுண்டலும் கரும்பும் தின்றபடி, கால்கூட நனைக்காமல் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தில், அதே வங்கக் கடலில் பத்து வயதுப் பிள்ளைகள் பலகையோடு இறங்கி அலைமேல் எழுந்து நிற்கப் பழகுகிறார்கள். கடல் ஒன்றே, காற்றும் ஏறக்குறைய ஒன்றே. ஓரிடத்தில் வேலி போட வேண்டியிருப்பதும் இன்னோரிடத்தில் பள்ளி நடத்த முடிவதும் ஏன் என்ற கேள்விக்கு, 'மெரினா ஆபத்தான கடல்' என்ற வழக்கமான பதில் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்ப்போம். இன்று நாம் காணும் அகன்ற மெரினா மணற்பரப்பு, துறைமுகத்தின் விளைவாக உருவானது. சென்னைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டப்படுவதற்கு முன், கடல் புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு மிக அருகே இருந்தது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால், மணல் கரையோரமாகவே வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் அது திசைமாறித் தெற்கே வருகிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகத்தின் கற்சுவர்கள் இந்த மணலோட்டத்தை மறித்தன. 1881-இல் வந்த புயல் அச்சுவர்களைச் சிதைத்தபோதிலும், அவை மீண்டும் எழுப்பப்பட்டன. மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கித் தேங்கி மெரினா ஆயிற்று. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை அமைத்து 'மெரினா' என்று பெயரிட்டார். தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேராததால், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டு இன்று கருங்கற்குவியல்கள்தாம் அலையைத் தாங்கி நிற்கின்றன. தென்சென்னைக்காரருக்கு மாலை நேரக் காற்று வாங்கக் கிடைத்த மணல் வடசென்னையின் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது என்பதை மெரினாவில் நடக்கும் எவரும் ஒரு கணமாவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிச் சேர்ந்த மணலின் விளிம்பு சரிவாக இருக்கிறது. சில அடிகளிலேயே நீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிவிடும். அலை தொலைவில் உடைந்து நுரையாகத் தவழ்ந்து வருவதற்குப் பதிலாக, கரைக்கு மிக அருகில் வந்து திடுமென மடிந்து விழும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் சற்று அதிகம். ஆகவே இடுப்பளவு அலை என்று நாம் அலட்சியமாகச் சொல்வது உண்மையில் பல டன் நீர் ஒரே நேரத்தில் நகர்ந்து வருவதாகும். விழுந்த அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். சேலையோ ஜீன்ஸோ நனைந்து கனத்திருக்கும் ஒருவர் அந்த நேரத்தில் தடுமாறி விழுந்தால், அடுத்த அலை வருவதற்குள் எழுவது எளிதல்ல.

ஆனாலும் கூடுதலான உயிர்களைப் பறிப்பது இந்த மோதல் அல்ல. கரையை நோக்கி வந்து குவியும் நீர் ஏதேனும் ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். கரைக்கு இணையாக நீருக்கடியில் மணல்திட்டுகள் கிடக்கின்றன. அவற்றுக்கு இடையே எங்கே தாழ்வான வாய்க்கால் இருக்கிறதோ அங்கே அந்த நீர் ஒன்றுதிரண்டு, குறுகிய ஓட்டமாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. ஆங்கிலத்தில் 'ரிப் கரண்ட்' என்று சொல்லப்படும் இதனை இழுநீரோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 'கடல் உள்ளே இழுக்குது' என்று கரையில் நிற்பவர்கள் அலறுவது இதைப் பற்றித்தான். பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் இது, அலை வலுக்கும்போது 2 மீட்டரையும் தாண்டிவிடக்கூடும். ஒலிம்பிக் வீரர் 100 மீட்டரைக் கடப்பதே விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில்தான் என்னும்போது, கிணற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர் இதை எதிர்த்து வெல்ல முடியாது என்பதில் வியப்பில்லை.

இதில் மிகவும் வருத்தத்துக்குரிய செய்தி, இழுநீரோட்டம் யாரையும் கீழே இழுத்து அமிழ்த்துவதில்லை என்பதுதான். அது வெளியேதான் கொண்டுபோகிறது. அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் பெரும்பாலும் தளர்ந்து கலைந்துவிடுகிறது. மூழ்குகிறவர்கள் கரையைப் பார்த்து நேராகத் திரும்பி நீந்த முயன்று, ஒன்றிரண்டு நிமிடங்களில் களைத்து, பதறி மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கலாம். இயன்றால் கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நீந்தி, ஓட்டத்தின் அகலத்தைக் கடந்த பின், உடையும் அலைகளோடு சேர்ந்து கரைக்கு வரலாம். ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய இந்தப் பாடம் நம் பள்ளிகளில் படித்த பெரும்பாலோருக்குச் சொல்லப்பட்டதே இல்லை.

இன்னும் ஒரு கொடுமை உண்டு. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடமே பல வேளைகளில் அந்த வாய்க்காலாக இருக்கிறது. ஆழம் மிகுதியாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. நீர் சற்றுக் கறுத்தோ, கலங்கிய மணலோடோ தெரியும். நுரையும் சருகும் கரைக்கு வராமல் கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். கடலறியாதவர், குழந்தையோடு இறங்கப் பாதுகாப்பான இடம் என்று தேர்ந்தெடுப்பது அதையே. இதனுடன் அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சில நிமிடங்கள் சிறிய அலைகளாக வந்து நம்பிக்கை கொடுத்துவிட்டு, பிறகு ஐந்தாறு பெரிய அலைகள் தொடர்ந்து வரும். 'நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று கடல் மாறிவிட்டது' என்று உயிர் பிழைத்தவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த இயல்பான ஒழுங்கே.

அந்தப் பெரிய அலைகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகள் குட்டையானவை, ஒழுங்கற்றவை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகளோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருகின்றன. முகட்டுக்கும் முகட்டுக்கும் 14 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து, ஒரு வாரம்போல் பயணம் செய்து நம் கரையை அடைகிறது. இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இராது, கடல் மட்டும் பொங்கும். கேரளக் கரையில் 'கள்ளக்கடல்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இப்போது அதே பெயரில் எச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். முன்னறிவிப்பு இருந்தும் அது அந்தப் பிள்ளைகளைக் காக்கவில்லை.

மீனவர்களுக்கு இவை எதுவும் புதிதல்ல. சென்னைக் கரையின் மீனவர்கள் நீரோட்டத்தை 'வெள்ளம்' என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். காற்றுக்கும் வாடை, கச்சான் எனத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. எந்த வெள்ளத்தில் எந்தக் காற்று சேர்ந்தால் கரையில் என்ன நடக்கும் என்று ஊரூர் ஆல்காட் குப்பத்திலோ நொச்சிக்குப்பத்திலோ ஒரு முதியவரைக் கேட்டால் அவர் விளக்கமாகச் சொல்வார். அந்தக் குப்பங்களுக்கு எதிரேயே, ஒரு கல்லெறி தொலைவில், நகரத்து மாணவர்கள் மூழ்குகிறார்கள்.

இனிக் கோவளத்துக்கு வருவோம். அலைச்சறுக்குக்குத் தேவை பெரிய அலை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தேவைப்படுவது ஓர் ஓரத்தில் உடையத் தொடங்கி, பக்கவாட்டில் சீராக உடைந்துகொண்டே போகும் அலை. அலை தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்தவுடன் உடைகிறது. ஆகவே அது எப்படி உடையும் என்பதைத் தீர்மானிப்பது அடித்தளத்தின் வடிவம். மெரினாவின் நீண்ட நேர்கோட்டுக் கரையில் அலை பெரும்பாலும் ஒரே வீச்சில் நெடுக மடிந்துவிடுகிறது. அதன்மேல் ஏறி நின்றவருக்குப் போக வழியில்லை. கோவளத்திலோ கரை ஒரு முனையாக நீண்டிருக்கிறது. தென்கிழக்கிலிருந்து வரும் அலை அம்முனையில் முதலில் உடைந்து, அதைச் சுற்றிக்கொண்டு வடக்கு நோக்கி உடைந்தபடியே செல்கிறது. கரையைப் பார்த்தபடி பலகைமேல் நிற்பவருக்கு அது வலப்பக்கம் விரியும் அலை. உள்பக்கத்தில் அலையின் வேகம் குறைந்து நுரையாக வருவதால், புதிதாகக் கற்பவருக்கும் அங்கே இடம் இருக்கிறது.

அலையேறுதல் இந்தக் கரைக்கு வந்தேறிய கலை என்று சொல்வது முழுக்கச் சரியாகாது. கட்டுமரம் என்ற சொல்லையே உலக மொழிகளுக்குக் கொடுத்த கரை இது. நான்கைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து, அலைக்கூட்டங்களின் இடைவெளியைக் கணித்து, உடையும் அலையின் முதுகில் ஏறிக் கரை சேர்வதை இங்குள்ள மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். விளையாட்டாக அது திரும்பி வந்தது அண்மைக் காலத்தில்தான். கர்நாடகத்தின் மூல்கியில் 'சர்ஃபிங் சாமி' என்று அறியப்பட்ட ஜாக் ஹெப்னரின் ஆசிரமத்தை ஒட்டி இந்தியாவின் தொடக்ககால அலைச்சறுக்குக் குழு உருவானது. கோவளத்தில் மீனவக் குடும்பத்திலிருந்து வந்த மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தொழிலதிபர் அருண் வாசு போன்றோரின் துணையோடு அது பள்ளியாக வளர்ந்தது. 2013 முதல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழா நடந்தது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்கு அமைப்பின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 2025-இல் ஆசிய வாகையர் போட்டியும் அங்கேயே நடைபெற்று, அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

பதக்கங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே பாடம் நடக்கும் முறை. மாணவரைத் தண்ணீரில் இறக்குமுன், நீந்தத் தெரியுமா என்று கேட்கிறார்கள். மணலில் பலகையை வைத்து, குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதையும், நெஞ்சருகே கைகளை ஊன்றி ஒரே அசைவில் எழுந்து நிற்பதையும் பலமுறை செய்யச் சொல்கிறார்கள். தொடக்கநிலையில் எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மெத்தென்ற பலகைதான். அதைக் கணுக்காலோடு இணைக்கும் கயிறு அறுந்தாலொழியப் பலகை கையை விட்டுப் போகாது என்பதால், கடலில் மிதக்கும் பற்றுக்கோடு எப்போதும் உடன் இருக்கிறது. இடுப்பளவு நீரில், ஏற்கெனவே உடைந்த நுரையலையில்தான் முதல் நாள் கழியும். ஓர் அலைக்கு ஒருவர்தான், உடையும் முனைக்கு அருகில் இருப்பவருக்கே முதல் உரிமை, விழும்போது தலையைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும், கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போகக்கூடாது என்ற விதிகள் பலகையோடு சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் அந்த ஊர்க் கடலில் வளர்ந்தவர். இன்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவருக்குத் தெரியும். பயிற்சி பெரும்பாலும் காலை ஆறு மணியை ஒட்டித் தொடங்குவதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று விடியற்காலையிலும் தொடர்ந்து, அலையின் முகத்தை எதிர்த்து வீசி அதை நேராக நிற்க வைக்கிறது. முற்பகல் கழிந்து கடற்காற்று எழுந்தவுடன் அலை குலைந்துவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தென்கடல் அலைகள் வரும் காலம் தேர்ந்தவர்களுக்கு உரியது. சனவரி முதல் மார்ச் வரை கடல் அடங்கியிருக்கும், கற்றுக்கொள்ள ஏற்றது. அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மழைக்காலக் கடலைத் தேர்ந்தவர்களுக்கே விட்டுவிடுவது நல்லது.

நீரின் தூய்மையைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. மெரினாவின் வடமுனையில் கூவம் கடலில் கலக்கிறது. பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு கலக்கிறது. குளிப்பதற்கும் நீர்விளையாட்டுக்கும் உரிய கடல்நீரில் 100 மில்லி லிட்டருக்கு 100-க்கு மேல் மலக்குடல் பாக்டீரியா இருக்கக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவு. மழைக்குப்பின் முகத்துவாரங்கள் உடைத்துக்கொண்டு பாயும் நாட்களில் அவற்றின் அருகே இறங்குவதைத் தவிர்த்தே ஆக வேண்டும். 2019 திசம்பரில் பட்டினப்பாக்கம் பக்கம் பனிபோல் நுரை குவிந்து, அதில் குழந்தைகள் விளையாடிய காட்சியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று கோவளம் கடற்கரைக்கு 2021-இல் கிடைத்தபோது, ஒழுங்கான நீர்ப் பரிசோதனை, உயிர்காப்பாளர், குறிக்கப்பட்ட குளிக்கும் பகுதி ஆகியவை நிபந்தனைகளாக இருந்தன. ஆகவே கோவளத்துக்கும் மெரினாவுக்கும் உள்ள வேறுபாட்டில் கடலடி வடிவத்தின் பங்கு ஒன்று. மனித ஏற்பாட்டின் பங்கு இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

அந்த ஏற்பாடு இந்நகரத்துக்கு அந்நியமானதும் அல்ல. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணி இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசுலா படகுகள்தாம் அலைவரிசைகளைக் கடந்து பயணிகளைக் கரை சேர்த்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலக் குறிப்புகள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. அலை கடக்க முடியாத அளவுக்கு வலுத்த நாட்களில், கப்பல்களில் இருப்போரை எச்சரிக்கக் கடற்கரை அலுவலகத்தில் கொடி ஏற்றப்பட்டது. படகு கவிழ்ந்து நீரில் விழுந்தவர்களைக் கட்டுமரக்காரர்கள் காப்பாற்றினார்கள். அதில் சிறந்து விளங்கியவர்களுக்குப் பதக்கம் அளிக்கப்பட்டது. எச்சரிக்கைக் கொடியும், அலையறிந்த உயிர்காப்பாளரும், அவருக்குரிய மரியாதையும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கரையில் இருந்தன. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930 திசம்பர் 30 அன்று மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காக்கப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டவரான ஷ்மிட்டின் நினைவுச்சின்னம். அதன் நிழலில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வோரில் எத்தனை பேர் அந்தக் கல்வெட்டைப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. காக்கப் போனவரும் மூழ்குவது இன்றும் அடிக்கடி நடக்கிறது. மிதக்கும் பொருள் எதையேனும் எறிந்துவிட்டு உதவியை அழைப்பதே பயிற்சி இல்லாதவர் செய்யத் தக்கது.

சிட்னி நகரத்தின் கதை இங்கே ஒப்பிடத் தக்கது. அங்கேயும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பகல் வேளையில் கடலில் குளிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது; உயிருக்கு ஆபத்து என்பதால் அல்ல, நாகரிகக் குறைவு என்று. 1902-இல் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்பவர் வெளிப்படையாக அத்தடையை மீறினார், விரைவிலேயே தடை தளர்ந்தது, மக்கள் திரளாக இறங்கினார்கள், இறப்புகளும் நேர்ந்தன. 1907-இல் பாண்டை போன்ற கடற்கரைகளில் உயிர்காப்புக் குழுக்கள் தோன்றின. 1938 பிப்ரவரி 6 அன்று பாண்டையில் தொடர்ந்து வந்த பெரிய அலைகள் நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் உள்ளே இழுத்தபோது, அன்று கரையில் கூடியிருந்த உயிர்காப்பாளர்கள் அவர்களை மீட்டார்கள், ஐவர் இறந்தனர். பாண்டையும் இழுநீரோட்டம் மிகுந்த கடற்கரைதான். சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்க வேண்டும் என்ற எளிய ஏற்பாட்டின் துணையோடு அது உலகறிந்த நகரக் கடற்கரையாக விளங்குகிறது. கொடிகள் நாள்தோறும் கடலைப் பார்த்துத்தான் நடப்படுகின்றன. வாய்க்கால் நகர்ந்தால் கொடியும் நகரும்.

மெரினாவில் கடலில் இறங்கிக் குளிப்பதற்கு உள்ள தடையை அப்படியே நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியும் காவலும் இல்லாமல் காணும் பொங்கல் கூட்டத்தைக் கடலில் விடுவது பெருங்கேடாக முடியும். ஆனால் வேலி ஆண்டில் சில நாட்கள்தான் இருக்கிறது. மற்ற நாட்களில் தடை ஓர் அறிவிப்புப் பலகையாகவும் காவலரின் ஊதலாகவும் மட்டுமே இருக்கிறது, இளைஞர்கள் அதைத் தாண்டி, ஆளில்லாத இடமாகப் பார்த்து இறங்குகிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் மூழ்குவதைவிட, பார்க்கும் இடத்தில் நீந்துவது மேல். மாசி மகத்தன்று திருவல்லிக்கேணிப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது இதே மெரினாவில் மக்கள் கடலாடுகிறார்கள். 2022-இல் மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்ல மரப்பாதை போடப்பட்டது. அலைக்கு அருகில் போகும் விருப்பம் எல்லோருக்கும் இருக்கிறது என்பதை அரசும் அறிந்தே இருக்கிறது.

தொடங்குவதற்கு இருநூறு மீட்டர் போதும். முகத்துவாரங்களிலிருந்து விலகிய ஓரிடத்தில், காலை ஆறு மணிமுதல் ஒன்பது மணிவரை, கடற்காற்று எழுவதற்கு முன்னான வேளையில், அன்றன்று கடலைப் பார்த்துக் கொடி நடுவதற்கும், கரையிலும் நீரிலுமாக நின்று காப்பதற்கும் குப்பத்து இளைஞர்கள் சிலர் நிலையான ஊதியத்தில் அமர்த்தப்படலாம். வாரந்தோறும் எடுத்த நீர்ப் பரிசோதனையின் முடிவு அங்கேயே எழுதி வைக்கப்படலாம். தகவல் மையத்தின் அலை எச்சரிக்கை வந்த நாளில் அந்தக் கொடி ஏறாமலே இருக்கலாம். கடலில் தவறி விழுந்தவர்களை இப்போதும் பல வேளைகளில் முதலில் ஓடிப்போய்த் தூக்கி வருபவர்கள் அந்த இளைஞர்கள்தாம். வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.